கூல்டவுன் தயார், ஆள் காலி: ஒரு ஹீலரின் ஹாட்கீ, மேக்ரோ அமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டத்தில் எங்கள் குழுவின் ஹீலருக்கு ஹாட்கீயும் மேக்ரோவும் அமைத்த கதை இது. ஹாட்கீ என்பது ஒரு செயலுக்கென ஒதுக்கும் விசை, மேக்ரோ என்பது ஒரே அழுத்தில் நிறைவேறும்படி எழுதி வைக்கும் கட்டளை வரிகள். 2004 நவம்பரில் வெளிவந்த ஆட்டம். நாங்கள் ஆடுவது அதன் இன்றைய பதிப்பில், ஐந்து பேராகச் சேர்ந்து நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய கீஸ்டோன் டன்ஜன்கள், அதாவது நிலை ஏற ஏறக் கடினமாகும் எதிரிக் கூடங்கள். எதிரிகளின் அடியைத் தாங்கும் டேங்க் ஒருவர், மற்றவர்களின் உயிரைக் காக்கும் ஹீலர் ஒருவர், எதிரிகளைத் தாக்கும் டேமேஜ் மூவர். அந்த மூவரில் நான் ஒருவன். யார் பெயரும் இங்கே தேவையில்லை, ஆட்களை அவர்கள் பார்த்த வேலையால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பழைய ஹீலர் வேலைச்சுமையால் ஆட்டத்தை விட்டபோது, அதுவரை ஹண்டராக (எதிரியைத் தாக்கும் வேட்டைக்காரர் வகை) ஆடிவந்தவர் அந்த இடத்துக்கு முன்வந்தார். பல வருட அனுபவம் உள்ளவர். எந்த பாஸ் (பெரிய எதிரி) எப்போது என்ன செய்யும் என்பதை எங்களுக்கே எடுத்துச் சொல்லுவார். ஹோலி பிரீஸ்ட் என்ற ஹீலர் வகையை எடுத்து, ஸ்பெல் (மந்திரம்) ஒவ்வொன்றையும் ஊன்றிப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆனால் ஹண்டரில் பழகிய கை அப்படியே இருந்தது. 1 முதல் 4 வரை நான்கு விசைகள், மீதி எல்லாம் திரையின் அடியில் இருக்கும் பட்டன்களை மவுஸால் கிளிக் செய்வது. ஹண்டருக்கு இது பெரிதாக இடிக்காது. ஒரு எதிரியை டார்கெட் செய்துவிட்டால் அது சாகும்வரை டார்கெட்டை மாற்ற வேண்டியதில்லை. ஹீலருக்கு ஸ்பெல்லுக்கு ஸ்பெல் டார்கெட் மாறும்.

முதலில் கண்டது

தாழ்ந்த நிலைக் கீஸ்டோன்களில் பிரச்சினையே தெரியவில்லை. எதிரிகளின் அடி மெதுவாக இருக்கும்வரை யாருடைய கையும் தப்பித்துக்கொள்ளும். நிலை ஏற ஏறச் சாவுகள் கூடின, அதிலும் ஒரே மாதிரியான சாவுகள். ஆள் விழுந்த பிறகு பார்த்தால் ஹீலரிடம் மனா (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) பாதிக்கு மேல் இருக்கும், கார்டியன் ஸ்பிரிட் தயாராக இருக்கும். கார்டியன் ஸ்பிரிட் என்பது 3 நிமிடக் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரம்) உள்ள ஸ்பெல். ஒருவர் மேல் போட்டால் அடுத்த 10 வினாடிக்குள் அவர் சாக வேண்டிய அடி விழுந்தாலும் ஒருமுறை பிழைக்க வைத்துவிடும். அது கையில் இருக்கும்போதே டேங்க் செத்தால், ஹீலருக்கு அதைப் போடத் தெரியவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். டேங்க் ஒருநாள் வாய்ஸில் கேட்டேவிட்டார்: "அதை எதுக்குங்க சேர்த்து வைக்கிறீங்க?" ஹீலர் சொன்ன பதில்: "சேர்த்து வைக்கலைங்க. மவுஸைக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுது."

அந்தப் பதிலை அன்று யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் பார்த்தால் முழு விஷயமும் அதில்தான் இருந்தது. அவர் கையாண்ட முறையில் ஒரு ஹீலுக்கு மவுஸ் இரண்டு பயணம் போக வேண்டும். முதலில் இடது மேல் மூலையில் இருக்கும் பார்ட்டி ஃப்ரேமில் (குழுவினரின் பெயரும் ஹெல்த்தும் தெரியும் கட்டங்களில்) ஆளை கிளிக் செய்ய வேண்டும், பிறகு கீழே வந்து ஸ்பெல்லை கிளிக் செய்ய வேண்டும். ஆட்டத்தின் குளோபல் கூல்டவுன் (ஒரு ஸ்பெல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்க வேண்டிய நேரம், எல்லோரும் ஜிசிடி என்பார்கள்) அடிப்படையில் 1.5 வினாடி, ஹேஸ்ட் (ஆளின் வேக அளவு) கூடக் கூட 0.75 வரை இறங்கும். இரண்டு பயணமும் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும். முடியாத ஒவ்வொரு முறையும் ஹீலர் சும்மா நிற்கிறார் என்று அர்த்தம்.

இரவல் அமைப்பு

கில்டில் (நாங்கள் சேர்ந்திருக்கும் ஆட்டக்காரர் சங்கத்தில்) வேறொரு குழுவில் ஹீல் செய்யும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அக்கா. விஷயம் அவர் காதுக்குப் போனதும், தன்னுடைய அமைப்பையே முழுதாகக் கொடுத்தார்: மேக்ரோக்களின் முழு வரிகள், எந்த விசையில் எது என்ற பட்டியல், ஷிஃப்ட், ஆல்ட், கண்ட்ரோல் மூன்றோடும் சேர்ந்த கூட்டு விசைகள். நல்ல மனதோடு கொடுத்தது. அவர் கையில் அது பிரமாதமாக ஓடுவதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

ஒரு வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றினோம். அடுத்த ஓட்டங்கள் முன்பைவிட மோசமாகப் போயின. ஹீல் யாருக்கோ போகிறது, சில நேரம் யாருக்கும் போகவில்லை, நடுச்சண்டையில் விசைகள் செத்துப்போகின்றன, ஒருமுறை ஆட்டமே மூடிக்கொண்டது. டேங்க் பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்றார். ஹீலரும் சோர்ந்திருந்தார்.

இந்த இடத்தில் குழு எடுத்த ஒரு முடிவைக் குறிப்பிட வேண்டும்: எதையும் மாற்றாமல் இரண்டு ஓட்டங்களை அப்படியே திரையோடு பதிவு செய்வது. அழுத்தும் விசைகளைத் திரையின் மூலையில் காட்டும் சிறு மென்பொருள் ஒன்றையும் ஹீலர் போட்டுக்கொண்டார். கூடவே ஆட்டத்தின் காம்பாட் லாக்கையும் ஓடவிட்டோம். அந்தக் கட்டளையைக் கொடுத்தால் நடக்கும் ஒவ்வொன்றையும் ஆட்டம் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கும். வீடியோ, விசை, லாக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது.

பதிவில் கண்டவை

முதலில், ஒரே ஒரு சாவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். டேங்கின் ஹெல்த் பாதிக்குக் கீழே இறங்குகிறது. ஹீலர் ஃப்ளாஷ் ஹீல் என்ற ஸ்பெல்லைக் கேஸ்ட் செய்கிறார், அதாவது போடத் தொடங்குகிறார். கேஸ்ட் பார் முக்கால் பங்கு நிறைந்திருக்கும்போது பக்கத்து ஃப்ரேமில் ஒரு மேஜிக் டீபஃப் (எதிரி ஏற்றிய கேடு) மினுங்குகிறது. ஹீலரின் விரல் க்யூவில் இறங்குகிறது, அது டீபஃப்பை நீக்கும் ப்யூரிஃபை. கேஸ்ட் பார் அறுந்துபோகிறது. ப்யூரிஃபையோ முந்தைய பயன்பாட்டின் 8 வினாடிக் கூல்டவுனில் இருக்கிறது, அதனால் அதுவும் போகவில்லை. ஹீலும் இல்லை, நீக்கமும் இல்லை. அடுத்த அடியில் டேங்க் விழுகிறார்.

காரணம் மேக்ரோவின் இரண்டாவது வரி. ஸ்டாப்காஸ்டிங் என்ற கட்டளை அதில் இருந்தது. நடந்துகொண்டிருக்கும் கேஸ்ட்டை நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்வது அது. அடுத்த வரி நிறைவேறுமா என்று அது பார்ப்பதில்லை, முதலில் நிறுத்திவிடும். அக்கா தன் கூல்டவுன்களை மனக்கணக்கில் வைத்திருப்பவர், தயாராக இல்லாத ப்யூரிஃபையை அவர் அழுத்தவே மாட்டார். அவருக்கு அந்த வரி வேகம். எங்கள் ஹீலருக்கு அது கண்ணி.

இரண்டாவது, காஸ்ட்சீக்வன்ஸ். ஒரே விசையை அழுத்த அழுத்த வரிசையில் உள்ள ஸ்பெல்கள் ஒவ்வொன்றாகப் போகும் மேக்ரோ வகை. ப்ரேயர் ஆஃப் மெண்டிங், ரினியூ, ஹீல் என்று அமைந்திருந்தது. வரிசையில் அடுத்து நிற்கும் ஸ்பெல் வெற்றிகரமாகப் போனால்தான் முள் நகரும். ப்ரேயர் ஆஃப் மெண்டிங்கின் 12 வினாடிக் கூல்டவுன் முடியாமல் வரிசை திரும்ப முதலுக்கு வந்துவிட்டால் விசை செத்ததுபோல் நின்றுவிடும். "விசை வேலை செய்யலை" என்று ஹீலர் சொன்னதில் பாதி இதுதான். அந்த மேக்ரோவுக்கு ரீசெட் நிபந்தனை (வரிசையை முதலுக்குத் திருப்புவது) எதுவும் போடப்படவில்லை. போட்டிருந்தாலும் நான் அதை ஹீலருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து என்ன போகும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விசை, அவசரத்தில் உதவாது.

மூன்றாவது, எங்களை ரொம்ப நேரம் குழப்பியது: டேங்க் சாகும்போது ஹீலர் தனக்குத்தானே ஹீல் போட்டுக்கொண்டிருப்பதாக லாக் சொன்னது. ஹீலர் சத்தியம் செய்யாத குறை. அக்காவின் மேக்ரோக்கள் மவுஸ்ஓவர் வகை. கர்சர் யார் மேல் நிற்கிறதோ அவருக்கு ஸ்பெல் போகும், கிளிக் செய்து டார்கெட் எடுக்க வேண்டியதில்லை. கர்சர் யார் மேலும் இல்லாவிட்டால், வழக்கமாக டார்கெட்டாக இருப்பவருக்குப் போகும்படி ஒரு மாற்று வழியும் வரியின் கடைசியில் இருந்தது. ஹீலர் நகரும்போது மவுஸின் வலது பட்டனைப் பிடித்துக் கேமராவைத் திருப்புவார். அந்தக் கணத்தில் கர்சர் பார்ட்டி ஃப்ரேமில் இருக்க வழியே இல்லை. ஆகவே மாற்று வழிக்குப் போகிறது. டார்கெட்டில் இருப்பதோ எதிரி. எதிரிக்கு ஹீல் போடமுடியாது என்பதால், தானாகத் தன்மீது கேஸ்ட் செய்யும் அமைப்பு இயங்கி ஹீல் அவருக்கே வந்து சேர்கிறது. சத்தமில்லாமல் நடக்கும் தவறு இது. திரையில் பச்சை எண் மிதக்கும், எதோ நடந்ததுபோல இருக்கும்.

கடைசியாக, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கோளாறுகள். ஷிஃப்ட்டை ஐந்துமுறை அடுத்தடுத்துத் தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் பெட்டியைத் திறந்துவிடும். பதற்றத்தில் ஷிஃப்ட்டைத் தட்டிக்கொண்டே இருப்பவருக்கு இது நடுச்சண்டையில்தான் வரும். கணினியில் இரண்டு மொழி உள்ளீடு இருப்பவர்களுக்கு ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து விழுந்தால் மொழி மாறிவிடும், அவர் கணினியிலும் அப்படியே மாறியது. ஆட்டம் மூடிக்கொண்ட மர்மம் எல்லாவற்றையும்விட எளிது. ஆல்ட் + 4-இல் ஒரு ஸ்பெல் இருந்தது, விரல் ஒரு வரிசை மேலே போய் எஃப்4-இல் விழுந்திருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரவல் அமைப்பைக் கழற்றிவிட்டு வெறும் பலகையிலிருந்து தொடங்குவது என்று முடிவானது. கழற்றுமுன் டபிள்யூடிஎஃப் கோப்புறையை முழுதாக நகல் எடுத்து வைத்தோம். மேக்ரோக்களும் விசை அமைப்புகளும் அதற்குள்தான் இருக்கும். திரும்பிப் போக வழி இருந்தால் சோதனை செய்யத் தயக்கம் இருக்காது.

மேக்ரோவைத் தொடுமுன் நகர்வு விசைகளைச் சரிசெய்தோம். ஆட்டத்தின் இயல்பு அமைப்பில் ஏ, டி இரண்டும் ஆளைத் திருப்பும். க்யூ, ஈ இரண்டும் பக்கவாட்டில் நகர்த்தும். திரும்புவதை மவுஸே செய்யும்போது இரண்டு விசைகள் தண்டம். ஏ, டி-யைப் பக்க நகர்வுக்கு மாற்றினோம், கைக்கு மிக அருகில் க்யூ, ஈ இரண்டும் விடுபட்டன. பின்னோக்கி நடக்கும் எஸ்-ஐயும் எடுத்துவிட்டோம். முன்னோக்கியும் பக்கவாட்டிலும் வினாடிக்கு 7 கெஜம் ஓடும் ஆள் பின்னோக்கி 4.5 கெஜம்தான் நகர்வார். தரையில் நெருப்பு விழும்போது எஸ்-ஐ அழுத்துபவர் வெந்துபோவார். ஹீலருக்கு எஸ் போனதில் வருத்தம், ஆனால் ஒத்துக்கொண்டார்.

எந்த ஸ்பெல்லுக்கு எந்த விசை என்பதில் குழுவுக்குள் வாதம் வந்தது. அடிக்கடி போடுவதற்கு நல்ல விசை என்பதுதான் வழக்கமான கணக்கு. அதன்படி போனால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கார்டியன் ஸ்பிரிட் தொலைவில் போய் நிற்கும். நான் வேறு கணக்கைச் சொன்னேன்: தாமதமானால் ஆள் சாகும் ஸ்பெல் எதுவோ அதற்குத்தான் முதல் இடம். இடது கை விரல்கள் நகர்வில் மாட்டிக்கொண்டிருக்கும்போதும் எட்டுகிற இடம் மவுஸின் கட்டைவிரல் பட்டன். கார்டியன் ஸ்பிரிட் அங்கே போனது. ப்யூரிஃபை க்யூ, பெரிய உடனடி ஹீலான ஹோலி வேர்ட் செரினிட்டி ஈ, ஃப்ளாஷ் ஹீல் எஃப். 1 முதல் 4 வரையில் அவர் ஏற்கெனவே பழகியிருந்தவற்றைக் கலைக்கவில்லை.

மவுஸ்ஓவர் மேக்ரோ இந்த நான்குக்கு மட்டும். கார்டியன் ஸ்பிரிட் தவிர ஒவ்வொன்றும் இரண்டே வரி. முதல் வரி ஷோடூல்டிப், ஐகானுக்குக் கேள்விக்குறிப் படம். இப்படிச் செய்தால் பட்டனில் அந்த ஸ்பெல்லின் படமும் கூல்டவுனும் தானாகவே தெரியும். இரவல் மேக்ரோக்களில் அக்கா தனக்குப் பிடித்த படங்களை வைத்திருந்தார், கூல்டவுன் எது என்றே ஹீலருக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாவது வரி ஸ்பெல்: கர்சருக்குக் கீழே இருப்பவர் நம் ஆளாக, உயிரோடு இருந்தால் போடு. அவ்வளவுதான். ஒரு மேக்ரோவில் 255 எழுத்து வரை எழுதலாம், நாங்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

டார்கெட்டுக்குப் போகும் மாற்று வழியை வேண்டுமென்றே எழுதாமல் விட்டோம். கர்சர் யார் மேலும் இல்லையென்றால் எதுவும் நடக்கக்கூடாது. நடக்கவில்லை என்பது உடனே தெரியும், கர்சரைக் கொண்டுபோய் மறுபடி அழுத்தலாம். தவறான ஆளுக்குப் போன ஹீல் ஒரு ஜிசிடியைத் தின்றுவிடும். தனக்கு ஹீல் போட்டுக்கொள்ளத் தனி விசை. இதை ஏற்காத நல்ல ஹீலர்கள் நிறைய உண்டு. தனி ஆளாக வெளியில் சுற்றும்போது இது எரிச்சல்தான். ஸ்டாப்காஸ்டிங் வரியை ஒரே இடத்தில், கார்டியன் ஸ்பிரிட்டில் மட்டும் விட்டோம். அதை அழுத்தும் நிலைமையில் பாதிக் கேஸ்ட்டில் இருக்கும் எந்த ஹீலும் பெரிதில்லை.

ஆட்டத்தின் அமைப்புகளிலேயே மவுஸ்ஓவர் கேஸ்ட் என்ற தேர்வும், ஃப்ரேமில் கிளிக் செய்தே ஸ்பெல் போடும் கிளிக் காஸ்டிங்கும் இருக்கின்றன. மேக்ரோ எதற்கு என்று டேங்க் கேட்டார், நியாயமான கேள்வி. மவுஸ்ஓவர் கேஸ்ட் தேர்வை இயக்கினால் அது எல்லா ஸ்பெல்லுக்கும் பொருந்தும். எங்களுக்கு நான்குக்கு மட்டும், அதுவும் மாற்று வழி இல்லாமல் வேண்டியிருந்தது. கிளிக் காஸ்டிங் நல்ல முறை. ஆனால் வலது பட்டனைக் கேமராவுக்கே முழுநேரமும் பயன்படுத்தும் ஒருவருக்கு அந்த பட்டன்களுக்கு இன்னொரு வேலையும் தர எங்களுக்கு மனம் வரவில்லை.

விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் குறுக்குவழியையும் மொழி மாற்றும் குறுக்குவழியையும் அணைத்தோம். ஆல்ட் சேர்ந்த விசை ஒன்றுகூட வைக்கவில்லை.

ஹீலர் கேட்டதும், கிடைக்காததும்

வேலைக்கு நடுவில் ஹீலர் கேட்டார்: "அண்ணா, யாருக்கு ஹெல்த் குறைவோ அவங்களுக்கே தானா போற மாதிரி ஒண்ணு எழுத முடியாதா?" முடியாது. மேக்ரோ நிபந்தனைகளில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா, நம் ஆளா, சண்டையில் இருக்கிறோமா, ஷிஃப்ட் அழுத்தப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் கேட்கலாம். ஹெல்த் எவ்வளவு என்று கேட்க நிபந்தனையே கிடையாது. இது மறந்துபோய் விட்டது இல்லை. ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் டிகர்சிவ் போன்ற ஆட்ஆன்கள் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) யாருக்கு டீபஃப் நீக்க வேண்டும் என்று தாமே தேடி, ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் மொத்தக் கூட்டத்தையும் சுத்தம் செய்துவிடும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு அந்த வழியை அடைத்தது. சண்டை நடுவில் யாரைக் குறிவைப்பது, எதைப் போடுவது என்பதை நிரல் முடிவுசெய்யக் கூடாது என்பது அன்றிலிருந்து விதி. இன்றைய மேக்ரோ நிபந்தனைகள் பிறந்ததும் அதே பதிப்பில்தான்.

இதைச் சொன்ன பிறகு ஹீலரின் எதிர்பார்ப்பு மாறியது. மேக்ரோ அவருக்கு மிச்சப்படுத்தித் தரக்கூடியது கையின் பயணத்தை மட்டும். ஃப்ளாஷ் ஹீலா செரினிட்டியா, டேங்குக்கா மேஜுக்கா என்பது அவரிடமே இருக்கும்.

அதே வாரம் எங்கள் டேமேஜ் ஆட்டக்காரர்களில் இன்னொருவர் வேறு யோசனை கொண்டுவந்தார். கேமிங் மவுஸோடு வரும் மென்பொருளில், ஒரு பட்டனை அழுத்தினால் இடைவெளி விட்டு நான்கைந்து விசைகள் தாமாக அழுத்தப்படும்படி பதிவு செய்யலாம். "எல்லாரும் பண்றாங்கங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். இதை மறுத்தோம். ஆட்டத்துக்குள் எழுதும் மேக்ரோவில் ஒரு அழுத்துக்கு ஜிசிடி தொடும் ஸ்பெல் ஒன்றுதான் போகும், அது ஆட்டமே போட்டிருக்கும் எல்லை. வெளி மென்பொருள் நேரம் கணக்கிட்டு அழுத்துவது அந்த எல்லையைத் தாண்டுவது, கணக்கையே முடக்கக் காரணமாகலாம். ஒரு அழுத்தை ஒரே நேரத்தில் பல கணக்குகளுக்கு அனுப்பும் மென்பொருளை 2020 நவம்பரில் ஆட்டத்தை நடத்துபவர்கள் தடைசெய்ததையும் அவருக்கு நினைவூட்டினோம். விதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஹீலருக்கு அதனால் பயன் இல்லை. முன்கூட்டிப் பதிவு செய்த வரிசை, நிலைமையைப் பார்த்து மாறாது. காஸ்ட்சீக்வன்ஸ் விசயத்தில் பட்டதே போதும்.

விசையைத் திரும்பத் திரும்பத் தட்டும் பழக்கத்தையும் இங்கேதான் பேசினோம். ஒரு கேஸ்ட் அல்லது ஜிசிடி முடிவதற்கு 400 மில்லிவினாடிக்குள் அழுத்தும் விசையை ஆட்டம் வரிசையில் வைத்துக்கொண்டு, முந்தையது முடிந்ததும் தானே போடும். இயல்பு அமைப்பே அது. ஆகவே ஒருமுறை அழுத்தினால் போதும். பதிவில் ஹீலர் ஒவ்வொரு ஸ்பெல்லையும் படபடவென்று தட்டியது தெரிந்தது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டதில் அவர் கை நிதானப்பட்டது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக.

பின்பு நடந்தது

பழகும் இடமாக ஃபாலோயர் டன்ஜனைத் தேர்ந்தோம். 2024 ஜனவரியில் வந்த வசதி அது. மற்ற நான்கு பேரும் கணினி ஓட்டும் துணைகள், திட்ட யாரும் இல்லை, நேரக் கெடுவும் இல்லை. முதலில் க்யூவும் ஈயும் மட்டும். அவை கைக்குப் பழகிய பிறகு எஃப். கட்டைவிரல் பட்டன் கடைசியில்.

தொடக்கத்தில் வேகம் குறைந்தது. ஈ-யை அழுத்திப் பக்கத்தில் நகரப் பார்த்து, செரினிட்டியை வீணாக்கிய இடங்கள் நிறைய. பிறகு குழுவோடு கீஸ்டோனுக்குத் திரும்பியபோது டேங்கின் சாவுகள் குறைந்தன. கார்டியன் ஸ்பிரிட் லாக்கில் ஒழுங்காகத் தென்பட ஆரம்பித்தது. முன்பு மாட்டிக்கொண்டிருந்த நிலையைத் தாண்டினோம்.

ஆனால் எதிர்பாராத ஒன்று: இப்போது ஹீலர் சாக ஆரம்பித்தார். கர்சர் எப்போதும் பார்ட்டி ஃப்ரேமில் இருக்க வேண்டியதால் கண்ணும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஃப்ரேம் இருந்ததோ திரையின் இடது மேல் மூலையில். தன் காலடியில் விழும் வட்டங்களை அவர் பார்க்கவே இல்லை. பழைய முறையில் மவுஸ் மேலும் கீழும் போய்வந்தபோது, கண்ணும் கூடவே திரையின் நடுவைத் தாண்டிப் போய்வந்திருக்கிறது. அந்த ஓட்டம் நின்றதும் பார்வையும் நின்றுவிட்டது. பார்ட்டி ஃப்ரேமைத் திரையின் நடுவில், அவருடைய ஆளின் காலடிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தோம். எடிட் மோடில் இழுத்து வைக்கும் வேலைதான். இதற்குப் பிறகே அவருடைய சாவுகள் பழைய அளவுக்கு வந்தன. விசை, மேக்ரோ என்று அத்தனை பேசியும் இந்த ஒரு நகர்த்தல் செய்த வேலை குறைவில்லை.

சுண்டுவிரல் வலியும் வந்தது. ஷிஃப்ட்டோடு சேர்ந்த விசைகளைக் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டிருந்தோம். அடிக்கடி வருபவற்றை மவுஸின் இரண்டாவது பக்க பட்டனுக்கும் ஆர்-க்கும் மாற்றியதும் வலி அடங்கியது. இன்னொரு சின்ன அதிர்ச்சி: ஒருநாள் டேலண்ட்டை (ஆளின் திறன் தேர்வுகளை) மாற்றிவிட்டு வந்தவருக்கு ஒரு மேக்ரோ வெறும் கேள்விக்குறியாக நின்றது. புது டேலண்டில் அந்த ஸ்பெல்லே இல்லை. மேக்ரோ ஸ்பெல்லைப் பெயரால்தான் தேடும். பெயர் இல்லையென்றால் எதுவும் சொல்லாது, சும்மா இருந்துவிடும்.

மாற்றிச் செய்வதானால்

பதிவு முதலில், மாற்றம் பிறகு. சாவுக்குக் காரணம் ஹீலரின் முடிவா, கையின் பயணமா என்று இரண்டு ஓட்டத்தின் வீடியோ சொல்லிவிடும். அதைப் பார்க்காமலே அமைப்பை மாற்றியதில் பழைய கோளாறோடு புதுக்கோளாறுகள் கலந்து, எது எதனால் என்று பிரிப்பதற்கே நேரம் போனது.

ஃப்ரேமின் இடத்தை விசைகளுக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். மவுஸ்ஓவருக்கு மாறும் எவருக்கும் கண் அங்கேதான் குடியிருக்கப் போகிறது.

அடுத்தவர் மேக்ரோவைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. வாங்கியதும் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எழுதியவரிடமே கேட்டுவிட வேண்டும். அக்காவிடம் பிறகு கேட்டபோது, அந்த ஸ்டாப்காஸ்டிங் வரி ஒரு குறிப்பிட்ட பாஸுக்காக எப்போதோ சேர்த்தது, எடுக்க மறந்ததே என்று சொல்லிச் சிரித்தார். அவரும் அன்றே அதை எடுத்துவிட்டார்.

மாற்று வழி இல்லாத மவுஸ்ஓவர் என்ற முடிவில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. டேங்க் அதற்கு எதிர்தான். டார்கெட்டுக்குப் போகட்டும், தானாகத் தன்மீது கேஸ்ட் ஆவதை மட்டும் அணைத்தால் போதுமே என்கிறார். அதுவும் சரியான வழியே, சோதித்துப் பார்க்கவில்லை.

ஹீலர் இப்போது ட்ரூயிட் என்ற வேறு வகை ஹீலர் ஒன்றையும் வளர்க்கிறார். மேக்ரோ ஒன்றையும் அதற்கு நகலெடுக்கவில்லை, விசைகளின் இடத்தை மட்டும் கொண்டுபோனார். டீபஃப் நீக்கும் நேச்சர்ஸ் க்யூர் க்யூவில், ஆளைக் காக்கும் அயர்ன்பார்க் கட்டைவிரல் பட்டனில். ட்ரூயிடின் ஹீல்களில் பல நின்று கேஸ்ட் செய்யத் தேவையில்லாதவை என்பதால் அயர்ன்பார்க்குக்கு ஸ்டாப்காஸ்டிங் வரி வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த பதிவைப் பார்த்துவிட்டு முடிவுசெய்வதாக இருக்கிறார்.